மூதவையும் முழங்காலும்

பொன்னாடையைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் குமட்டுகிறது. கொண்டாட்டங்களில் யாராவது அந்த மினுங்கும் துணியை விரித்துக்கொண்டு மேடைக்குப் போனால், தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல நான் மெல்ல வெளியே நழுவிவிடுவேன். என் கணவர் இதை வீம்பு என்கிறார். வீம்பில்லை. ஒரு கறியில் ஒருமுறை புழுவைக் கண்டவள் பிறகு அந்தக் கறியை வாயில் வைக்கமாட்டாள். அவ்வளவுதான்.

எங்கள் சங்கத்தின் மண்டபம் ஒஸ்லோவில், ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது. பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, நடன வகுப்பு, பிறந்தநாள், செத்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு எல்லாம் அங்கேதான். சங்கத்தை நடத்த ஒரு நிர்வாகக் குழு உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் அங்கத்தவர்கள் கூடி அதைத் தெரிவு செய்வார்கள். அந்தமட்டில் நோர்வேக்காரருக்கும் திருப்தி, எங்களுக்கும் திருப்தி. ஆனால் அந்தக் குழுவுக்கு மேலே இன்னொன்று இருக்கிறது. அதற்கு மூதவை என்று பெயர்.

மூதவையை யாரும் தெரிவு செய்வதில்லை. அதில் ஒருவர் செத்தால், மிச்சப் பேர் கூடித் தங்களுக்குப் பிடித்த இன்னொருவரை நியமிப்பார்கள். செத்தால் என்று நான் கோபத்தில் எழுதவில்லை. வேறெந்த வழியிலும் யாரும் அதிலிருந்து இறங்கியதை நான் கண்டதில்லை. நிர்வாகக் குழு எதைத் தீர்மானித்தாலும் மூதவை தலையாட்ட வேண்டும். அவர்கள் தலையாட்டாவிட்டால் காரியம் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

தொடக்கத்தில் இதற்கொரு நியாயம் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. நாங்கள் அகதிகளாக வந்திறங்கிய புதிதில் ஒரு கூட்டமும் ஒழுங்காக முடிந்ததில்லை. இந்த ஊர், அந்த ஊர், இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கதிரைகள் பறந்தன. சண்டையை விலக்குவதற்காக நாலு பேர் மதிக்கிற ஆட்களை மேலே இருத்தினார்கள். அன்று சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் இன்று ஒருவருக்கொருவர் சம்பந்திகள். சண்டை போய்விட்டது. விலக்குப் பிடிக்க வந்தவர்கள் மட்டும் இன்னும் மேலேயே இருக்கிறார்கள்.

அவர்களுடைய தலைவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தார் என்று எனக்குத் தெரிந்து யாரும் கேட்டதில்லை. வெள்ளைத் தலை, கனத்த குரல், எப்போதும் கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை. அவர் கதைக்கத் தொடங்கினால் கைத்தொலைபேசியில் விளையாடிக்கொண்டிருக்கும் ஆண்களும் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுவார்கள். எனக்கும் ஒருகாலத்தில் அவரில் மரியாதை இருந்தது. இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

நான் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். வேலைக்கு வெளியே நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அந்த மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடத்தியது. எங்கள் பெண்களில் வயது போனவர்களுக்கு நொஸ்க், அதாவது நோர்வே மொழி. பாதி வாழ்க்கையை இந்த நாட்டில் கழித்துவிட்டு, மருத்துவரிடம் போக மகன் வேண்டும், வங்கிக்குப் போகக் கணவன் வேண்டும் என்று வீட்டுக்குள் இருந்த பெண்கள் வந்தார்கள். இலக்கணம் ஒன்றும் இல்லை. எங்கே நோகிறது, எத்தனை மணிக்கு வர வேண்டும், இந்த மருந்தை எப்போது குடிப்பது, இந்த ரயில் எங்கே போகிறது. நான் ஒரு சொல்லைச் சொல்ல அவர்கள் சிரித்துச் சிரித்துத் திருப்பிச் சொல்வார்கள். சிரிப்புச் சத்தம் மாடிவரை கேட்கும்.

அந்தச் சிரிப்புத்தான் பிரச்சினை என்று நினைக்கிறேன். ஒரு பெண் கணவரிடம் சொல்லாமல் ரி-பானேயில் ஏறி, நகரத்துக்குப் போய், தனக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். சுரங்க ரயிலில் ஏறியதற்கு ஒரு கிழமை அந்த வீட்டில் சத்தம். அடுத்த மாதம் மூதவை கூடியது. நிர்வாகக் குழு வகுப்பு தொடரட்டும் என்றது. மூதவை கூடாது என்றது.

மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் காரணம் சொன்னார்.

"பிள்ளை, குறை நினையாதேங்கோ. இது தமிழ் மண்டபம். இதுக்குள்ளை நொஸ்க் படிப்பிக்கிறது எங்கடை கொள்கைக்கு ஒவ்வாது."

அவர் அதைச் சொல்லி முடிக்கும்போது தொலைபேசி அடித்தது. பேரன். மாஸ்டர் அவனோடு நொஸ்க்கில் கதைத்தார். அவனுக்குத் தமிழ் வராது. கதைத்து முடித்துவிட்டு, வெட்கம் என்ற ஒன்றே முகத்தில் இல்லாமல், விட்ட இடத்திலிருந்து கொள்கையைத் தொடர்ந்தார்.

அந்த வகுப்புக்கு ஒருநாளும் தவறாமல் வந்த ஒருவரைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூடியவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவருடைய கணவர் மூதவை உறுப்பினர். வகுப்பை மூடிய அன்று அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அவரும் கை உயர்த்தினவராம், பிள்ளை. வீட்டை வந்து தானே சொன்னவர். சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி கேட்டவர்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள், அக்கா?"

"போட்டுக் குடுத்தனான்."

அந்த ஆண்டுக் குளிரில் அக்காவின் கணவர் நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரே மகன் பேர்கனில் பெரிய அலுவலகமொன்றில் நல்ல உத்தியோகம். அவன் பறந்து வந்தான். மருத்துவர், தாய்க்கு விளங்கப்படுத்த தொல்க் ஒருவரை, அதாவது மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வோமா என்று கேட்டிருக்கிறார். தேவையில்லை, நானே அம்மாவுக்குச் சொல்கிறேன் என்று மகன் சொல்லிவிட்டான். மருத்துவர் சொன்னது, நோய் முற்றிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று. மகன் தாய்க்குச் சொன்னது, சளி கட்டியிருக்கிறது, கரைந்ததும் வீட்டுக்கு விடுவார்கள் என்று.

மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய், தாழ்வாரத்தில் நின்று மகனோடு ஆலோசித்தார்களாம். அம்மா தாங்கமாட்டா, சொல்ல வேண்டாம் என்று முடிவு. அங்கேயும் ஒரு மூதவை கூடியிருக்கிறது, பாருங்கள். யாருடைய புருஷன் சாகிறாரோ அவரைத் தவிர மற்ற எல்லாரும் கூடித் தீர்மானித்திருக்கிறார்கள். அக்கா வீட்டுக்கு வந்து கட்டிலுக்குப் புதுவிரிப்புப் போட்டு, அவர் வந்தால் கால் குளிருமென்று கம்பளிக் காலுறையைக் கழுவிக் காயவைத்துவிட்டுத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பக்கத்தில் இருந்திருக்கிறார்.

இதை அக்கா எனக்குச் சொன்னது செத்த வீடெல்லாம் முடிந்த பிறகு. அவருடைய குசினியில் இரண்டு பேரும் இருந்தோம்.

"கடைசி நாள் பின்னேரம் ஒரு தாதிப் பிள்ளை வந்தவ. நல்ல பிள்ளை. எனக்குப் பக்கத்திலை குந்தி, என்ரை கையைப் பிடிச்சு, ஆறுதலா, ஒவ்வொரு சொல்லாச் சொன்னவ. நீங்கள் எங்களுக்குச் சொல்லித் தாற மாதிரி. அவர் எண்டு விளங்கினது. இண்டைக்கு எண்டு விளங்கினது. நடுவிலை ஒரு சொல். அது மட்டும் விளங்கேல்லை."

"பிறகு?"

"இண்டைக்கு வீட்டை விடப் போயினம் எண்டு நினைச்சன். சிரிச்சுப்போட்டு, தக் எண்டு சொன்னனான்."

தக் என்றால் நன்றி. எங்கள் முதல் நாள் பாடம் அது. உடம்பின் உறுப்புகள், நோவு, மருந்து, நேரம் வரைக்கும் வந்திருந்தோம். நோவுக்கு அப்பால் போவதற்குள் வகுப்பை மூடிவிட்டார்கள்.

"கட்டினவர் சாகப்போறார் எண்டு சொன்ன பிள்ளைக்கு நன்றி சொல்லிப்போட்டன், பிள்ளை," என்றார் அக்கா. அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அதைவிடக் கூடுதலாக அருவருப்பு வந்தது. இந்த ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டி, இன்னொருத்தியின் வாழ்க்கையில் எது அவளுக்குத் தெரியலாம், எது தெரியக்கூடாது என்று முடிவு கட்டும் அந்த மரியாதையான குரல் இருக்கிறதே, அதை நினைக்க நினைக்க என் உடம்பு கூசியது.

அன்று இரவே என் கணவரிடம் சொன்னேன், ஆண்டுக் கூட்டத்தில் பிரேரணை கொண்டுவரப் போகிறேன் என்று. மூதவையையும் அங்கத்தவர்களே தெரிவு செய்ய வேண்டும். நியமனம் கூடாது. ஆயுள் பதவி கூடாது. அது நிறைவேறினால் வகுப்பு திரும்ப வரும், நிறைவேறாவிட்டால் அந்தப் பெண்கள் வீட்டுக்குள்தான்.

அவர் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு ஆயிரம் பேரை ஏற்றி இறக்கினாலும் ஒருவரோடும் முரண்பட விரும்பாதவர்.

"உமக்கேன் உந்த வேலை? நாளைக்கு ஒரு நல்லது கெட்டது எண்டால் அவையின்ரை முகத்திலைதானே முழிக்க வேணும்?"

"முழியுங்கோ. ஆனால் கையை எனக்கு உயர்த்துங்கோ."

"அதுக்கென்ன, உயர்த்துறன்," என்றார்.

கூட்டத்துக்கு முந்திய கிழமைகளில் நான் எல்லாரிடமும் கதைத்தேன். கடைத்தொகுதியில், பேருந்துத் தரிப்பிடத்தில், ரயிலில். கதைத்த ஒவ்வொருவரும் ஓம் என்றார்கள். "ஓம் அக்கா, நீங்கள் சொல்லுறது நூற்றுக்கு நூறு சரி. உவங்களை எப்பவோ இறக்கியிருக்க வேணும்." எவ்வளவு துணிச்சல், மீன் வாங்கும் வரிசையில்! நான் நம்பினேன். வேறு என்ன செய்ய?

கூட்டம் ஒரு ஞாயிறு பகல். மண்டபம் நிறைந்திருந்தது. பின்னால் குசினியில் ஆட்டிறைச்சிக் கறி கொதித்துக்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம். வழக்கம்போல விளக்கேற்றல், அகவணக்கம், பிறகு நிகழ்ச்சி நிரல். அக்கா முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் பேர்கனிலிருந்து வந்த மகன், கறுத்தக் கோட்டோடு. அவன் ஏன் வந்திருக்கிறான் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

என் பிரேரணையை வாசித்தேன். மாஸ்டர் எழும்பி வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இங்கிலாந்திலை பிரபுக்கள் சபை இருக்குது. அதென்ன தேர்தலிலையோ வந்தது? எங்கடை இலங்கையிலை அந்த நாளையிலை செனற் சபை இருந்தது. எப்பேர்ப்பட்ட அறிஞர்கள்! வாக்குக் கேட்டு வீடு வீடாத் திரிஞ்சால் அப்பிடியான ஆக்கள் வருவினமோ? தேர்தல் எண்டு வந்தால் போட்டி வரும். போட்டி வந்தால் பிளவு வரும். பிளவாலை நாங்கள் பட்டது போதாதோ?"

கடைசி வசனத்துக்குக் கைதட்டல். பிளவு என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு உடனே கண்ணீர் வரும். அதைத் தெரிந்துதான் சொன்னார்.

"அந்தச் செனற் சபையை இலங்கையிலை எப்பவோ கலைச்சாச்சு, மாஸ்டர்," என்றேன் நான். "இந்த நாட்டிலையும் பாராளுமன்றத்தை ரெண்டாப் பிரிச்சு வைச்சிருந்த வழக்கத்தை விட்டிட்டினம். ஒரு பிளவும் வரேல்லை."

அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார். குழந்தை தவறான விடை சொன்னால் சிரிக்கும் சிரிப்பு.

சட்டம் படிக்கும் ஒரு பெண்பிள்ளை எழும்பியது. இங்கே பிறந்து வளர்ந்தது. "எனக்கு விளங்கேல்லை," என்றது. "எலெக்ட் பண்ணினால் அவைக்கு இன்னும் மாக்ட் வரும், பவர் வரும். எங்களையும் சனம்தானே தெரிவு செய்தது எண்டு சொல்லி இன்னும் கூடத் தடுப்பினம். ஒரு ஸ்தீர போதும். நிர்வாகக் குழு போதும். மற்றதை எடுத்து விடுங்கோ."

அந்தப் பிள்ளை சொன்னதுதான் உண்மையில் சரி. இன்றைக்கும் நான் அதை ஒத்துக்கொள்கிறேன். தேவையில்லாத ஒரு சபைக்கு வாக்களித்து அதற்கு உயிர் கொடுப்பானேன்? ஆனால் அடியோடு எடு என்றால் ஒருவரும் பின்னால் வரமாட்டார்கள், தெரிவு செய் என்றால் பாதிப்பேராவது வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். பூட்டிய கதவைத் திறந்தால் போதும் என்று நினைத்தேன்.

பிறகு சமரசக்காரர் ஒருவர் எழும்பினார். எங்கள் கூட்டங்களில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குது. நாங்கள் தேர்தலை வைப்பம். ஆனால் ஆர் ஆர் போட்டியிடலாம் எண்டதை மூதவை தீர்மானிக்கட்டும்." இதற்கும் கைதட்டினார்கள். சத்தியமாகத் தட்டினார்கள். என்ன சொன்னார் என்று கேட்காமலே தட்டினார்கள்.

சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்து எங்கள் சங்கத்தில் சேர்ந்திருந்த ஒரு பெண் கை உயர்த்தினாள். "ஏங்க, ஆளுக்கு ஒரு சீட்டு குடுங்க. எழுதி மடிச்சு போட்டா முடிஞ்சுது. யாரு யாருக்கு போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. இதுக்கு எதுக்குங்க இவ்ளோ பேச்சு?" பின்வரிசையில் ஒருவர், "உங்கடை ஊர்த் தேர்தலின்ரை வடிவு எங்களுக்குத் தெரியும், தங்கச்சி," என்றார். மண்டபம் சிரித்தது. அந்தப் பிள்ளை முகம் சிவந்து அமர்ந்தது. அன்று சொல்லப்பட்டவற்றில் ஒழுங்கான நடைமுறை யோசனை அதொன்றுதான்.

"சீட்டு நல்ல யோசனை," என்றேன் நான். "இப்பவே செய்வம்."

"செய்வம், செய்வம்," என்றார் மாஸ்டர். "அதுக்கு முன்னம் ஒரு கடமை இருக்குது."

அவர் கையைக் காட்ட, இரண்டு பேர் அக்காவின் கணவருடைய படத்தைக் கொண்டுவந்து மேடையில் வைத்தார்கள். மாலை போட்ட படம். முன்னால் ஒரு குத்துவிளக்கு. அக்காவை அழைத்துச் சுடரேற்ற வைத்தார்கள். அக்கா ஏற்றிவிட்டு வந்து தன் கதிரைக்கு முன்னால் நின்றார். "மூதவையை இறுதி மூச்சு வரைக்கும் காத்த எங்கடை அண்ணனுக்காக எல்லாரும் எழும்பி ஒரு நிமிசம் அகவணக்கம் செலுத்துவம்," என்றார் மாஸ்டர். எல்லாரும் எழும்பினோம். நானும் தலைகுனிந்து நின்றேன். செத்தவரோடு எனக்கு என்ன கோபம்? குசினியில் கறி கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

நிமிடம் முடிந்தது. கதிரைகள் அசையத் தொடங்கின.

"கதிரையிலை இருந்திடாதேங்கோ," என்றார் மாஸ்டர். குரல் தழுதழுத்தது. "நிண்டபடி ஒரு வார்த்தை. சீட்டு, எழுத்து எல்லாம் எங்களுக்கேன்? நாங்கள் ஒரு குடும்பம். அண்ணன் விட்டுப்போன மூதவை அவர் விட்டுப்போன மாதிரியே இருக்க வேணும் எண்டு நினைக்கிற ஆக்கள் அப்பிடியே நில்லுங்கோ. அண்ணன்ரை விருப்பத்துக்கு மாறா நினைக்கிற ஆக்கள் கதிரையிலை இருக்கலாம்."

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அகவணக்கம் முடிந்த கையோடு, படத்துக்கு முன்னால், சுடர் எரியும்போது, பெண்சாதி பார்த்துக்கொண்டு நிற்கும்போது யார் இருப்பான்? எழும்பி எதிர்ப்பதற்கே பயந்த ஆட்கள் இருந்து எதிர்ப்பார்களா? எங்களுக்கு எழும்பி நிற்பது மரியாதை, இருப்பது அவமரியாதை. அந்த ஒரு பழக்கத்தை வைத்து மனுஷன் ஒரு மண்டபத்தையே மடக்கிவிட்டார்.

நான் இருந்தேன். கதிரை கிறீச்சிட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. மீன் வரிசையில் நூற்றுக்கு நூறு சரி என்றவர் நின்றார். உவங்களை இறக்க வேண்டும் என்றவர் நின்றார். சட்டம் படிக்கும் பிள்ளை இருக்கப் பார்த்தது, தாய் கையைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினாள். சென்னைப் பெண் என்ன நடக்கிறதென்று விளங்காமல் மற்றவர்களைப் பார்த்து நின்றாள். என் கணவர் எனக்குப் பக்கத்தில் நின்றார். என் தோள் அவருடைய காலில் முட்டியது. அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சப்பாத்தை எடுத்து எறியலாம் போலிருந்தது எனக்கு.

அப்போதுதான் முன்வரிசையில் அக்கா தன் கதிரையில் அமர்ந்தார். விழுந்ததுபோல அல்ல. சேலையைச் சரிசெய்து, ஆறுதலாக, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"மாஸ்டர், ரெண்டு பேர் இருக்கிறம். எண்ணுங்கோ!" என்று கத்தினேன்.

மாஸ்டர் அக்காவைப் பார்த்தார். முகத்தில் ஒரு கணம்கூடத் தடுமாற்றம் இல்லை. கனிவு பொங்கியது. "அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. பாவம், எவ்வளவு நேரம் நிக்கிறது? இருக்கட்டும். மனத்தாலை அவ நிக்கிறா. சகோதரி ஒராளின்ரை மாற்றுக் கருத்தை நாங்கள் மதிக்கிறம். மற்றும்படி ஏகமனதாக." கைதட்டல்.

அதோடு விட்டிருந்தாலாவது மனுஷரென்று நினைத்திருப்பேன். விடவில்லை. "வெறுமையான ஆசனத்துக்கு மூதவை ஒருவரை நியமிச்சிருக்குது," என்றார். அக்காவின் மகன் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழும்பினான். அப்பா இருந்த இடத்துக்கு மகன். பேர்கனில் இருந்துகொண்டு ஒஸ்லோ மண்டபத்தில் எது நடக்கலாம், நடக்கக்கூடாது என்று அவன் சொல்லப்போகிறான். தாய்க்கு எதைச் சொல்லலாம், சொல்லக்கூடாது என்று தெரிந்தவன் அல்லவா? தகுதி வேறென்ன வேண்டும்?

"பெத்த தாயின்ரை கையாலையே பொன்னாடை," என்று மாஸ்டர் அறிவித்தார். அக்காவைத் தாங்கி அழைத்து வர இரண்டு பேரை அனுப்பினார். அவர்கள் வந்து சேருமுன் அக்கா தானே எழும்பினார். யாருடைய கையையும் பிடிக்காமல் மேடைப் படிகளில் ஏறினார். தட்டிலிருந்த பொன்னாடையை எடுத்தார். மகன் குனிந்தான். படம் பிடிப்பதற்குக் கைத்தொலைபேசிகள் உயர்ந்தன.

அக்கா பொன்னாடையைப் போர்த்தவில்லை. இரண்டாக மடித்து, நாலாக மடித்து, மகனின் கையில் வைத்தார்.

"என்ரை முழங்காலுக்கு ஒண்டும் இல்லை," என்றார். ஒலிவாங்கி இல்லை, ஆனால் முன்பாதி மண்டபத்துக்குக் கேட்டது. "நான் வேண்டாம் எண்டுதான் இருந்தனான்."

மகன் அவருடைய தோளை அணைத்துக்கொண்டு, "அம்மா, வீட்டை போய்க் கதைப்பம்," என்றான்.

"வீட்டை போய், டொக்டர் சொன்னதைச் சொன்ன மாதிரியோ?"

அவன் தோளிலிருந்து கையை எடுத்தான். பின்வரிசையில், "என்னவாம்? அம்மா என்ன சொல்லுறா?" என்று கேட்டார்கள். மாஸ்டர் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார்.

"அம்மா துக்கத்திலை இருக்கிறா. அப்பாவைப் போலை நீயும் சேவை செய் எண்டு மகனை வாழ்த்துறா."

தமிழிலிருந்து தமிழுக்கு! அத்தனை தமிழருக்கு முன்னால், ஒரு பெண் தமிழில் சொன்னதை, தமிழிலேயே மாற்றிச் சொன்னார். முன்வரிசைக்காரர்களுக்கு அக்கா சொன்னது நன்றாகவே கேட்டது. அவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். பிறகு பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். பிறகு சாப்பாட்டுக்கு வரிசை பிடித்தார்கள். தட்டோடு நின்ற ஒருவர் என்னைக் கண்டதும், "நீங்கள் சொன்னது சரிதான் அக்கா, ஆனால் அந்த இடத்திலை எப்பிடி இருக்கிறது?" என்றார். நான் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் கணவரிடம் சாப்பிட்டுவிட்டே வரச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்.

வெளியே அக்கா எனக்கு முன்பே வந்து பனியில் நின்றுகொண்டிருந்தார். மகனின் காரில் ஏறவில்லை. இரண்டு பேரும் ரயில் நிலையத்துக்கு நடந்தோம். பலகையைப் பார்த்து எங்கள் ரயில் எதுவென்று அக்காதான் சொன்னார்.

ரயிலில் என் கைத்தொலைபேசி அதிர்ந்தது. சங்கத்தின் குழுமத்தில் படம் போட்டிருந்தார்கள். பொன்னாடை மகனின் கையில் இருக்க, அக்கா அவனை நிமிர்ந்து பார்க்கும் படம். கீழே, அன்னையின் ஆசியோடு அவையேறும் புதல்வன் என்று எழுதி, பூக்களும் கைகூப்பல்களும்.

"என்ன அது, பிள்ளை?"

இதைக் காட்டி இந்த நேரத்தில் இன்னும் நோகடிப்பானேன் என்று ஒரு விநாடி நினைத்தேன். நினைத்ததும் எனக்கே கூசியது. அவர்களும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று இதைத்தானே நினைத்தார்கள். படத்தைக் காட்டி, எழுதியிருந்ததை ஒரு சொல்லும் விடாமல் வாசித்துக் காட்டினேன்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பெண்டுகளை எல்லாம் என்ரை வீட்டை வரச் சொல்லுங்கோ," என்றார். "கதிரை காணாட்டிக் கட்டிலிலை இருக்கலாம். புதுவிரிப்புத்தான்."

"சொல்லுறன், அக்கா."

"அந்தத் தாதிப் பிள்ளை நடுவிலை சொன்ன சொல்லு ஒண்டு இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு அதைச் சொல்லித் தாங்கோ."

சொல்லிக் கொடுத்தேன். சிறிய சொல். அக்கா அதை வாய்க்குள் திருப்பிச் சொன்னார். உச்சரிப்புச் சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தார். சரி என்றேன்.